தோலில் தடிப்பா? நரம்பு சொல்லும் சாட்சி!

மைசூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது நஞ்சன்கூடு. கபிலை நதிக்கரையில் கோயில் கொண்டுள்ள ஸ்ரீகண்டேசுவரர் நஞ்சை உண்டவர். ஆகவே நோய் தீர்ப்பவர் என்பது பக்தர்களின் நம்பிக்கை. தன் யானையின் கண் நோய் இங்கு தீர்ந்ததால் திப்பு சுல்தான் இவரை “ஹக்கீம் நஞ்சுண்டா” என்று அழைத்ததாகச் சொல்வார்கள். ஹக்கீம் என்றால் வைத்தியர்.

நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்களில் தோல் நோய்க்காரர்களும் உண்டு. வேண்டுதல் ஒரு புறம் இருக்கட்டும். தோலில் ஒரு தடிப்போ, படையோ மாதக்கணக்கில் மறையாமல் நின்றால் அது என்ன நோய் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

ஒரே தோற்றம், பல நோய்

இத்தகைய தடிப்புகளில் ஒரு வகைக்கு “கிரானுலோமா” என்று பெயர். உடம்பில் புகுந்த கிருமியை எளிதில் ஒழிக்க முடியாதபோது, பாதுகாப்புச் செல்கள் அதைச் சுற்றி முற்றுகையிட்டுக் கட்டியாகத் திரண்டு விடுகின்றன. தொழுநோயிலும் இப்படி நடக்கும். தோலில் வரும் காசநோயிலும் நடக்கும். காரணம் இன்னதென்று திட்டமாகத் தெரியாத “சார்க்காய்டோசிஸ்” என்ற நோயிலும் நடக்கும். கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலத் தோன்றலாம்.

ஆனால் சிகிச்சை வேறு வேறு. சார்க்காய்டோசிஸ் நோய்க்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது வழக்கம். அதே மருந்தை மட்டும் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். தொழுநோயைப் படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவிக் கொண்டிருந்தால், அதற்குள் நரம்பு கெட்டு விரல் மரத்துப் போகும். தொழுநோய் இல்லாதவருக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டாலோ, அவர் வீட்டிலும் வேலை இடத்திலும் படும் பாடு சொல்லி முடியாது.

படிப்படியான பரிசோதனை

டாக்டர் முதலில் பஞ்சாலோ, பேனா முனையாலோ தடிப்பைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார். தோலை லேசாகக் கீறி எடுத்த நீரில் கிருமி தெரிகிறதா என்றும் சோதிப்பார்கள்.

இதிலும் தெளிவு பிறக்காவிட்டால் “பயாப்ஸி” செய்வார்கள். மரத்துப் போக ஊசி போட்டு, சிறு தோல் துணுக்கை வெட்டி எடுத்து, அதை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே இது.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்தார். காசநோய்க் கிருமியைச் சோதனைக் கூடத்தில் வளர்க்க முடியும். ஆனால் தொழுநோய்க் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் இன்று வரை எவராலும் வளர்க்க முடியவில்லை. நோயின் ஆரம்ப நிலையில் துணுக்கில் கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும்; தேடியும் அகப்படாது.

பழுப்பு நிறச் சாட்சி

இந்த இடத்தில்தான் “இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி” என்ற பரிசோதனை கை கொடுக்கிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைத் தோல் ஏட்டின் மீது விடுகிறார்கள். அது ஒட்டிய இடம் மட்டும் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்கிறார்கள். ஒரே வகையான எதிர்ப்புப் பொருளை வேண்டிய மட்டும் தயாரிக்க 1975-ல் வழி கண்ட கோலர், மில்ஸ்டைன் இருவரும் 1984-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

இவ்விதம் தேடப்படும் புரதங்களில் ஒன்று “எஸ்-100”. 1965-ல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியம் சல்பேட் 100 சதவீதம் செறிந்த கரைசலிலும் இது கரைந்து நின்றதால் இந்தப் பெயர் வந்தது. நரம்பு இழைகளுக்கு உறைபோல இருக்கும் ஷ்வான் செல்களில் இந்தப் புரதம் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி குடியேறுவதும் அந்தச் செல்களில்தான்!

ஆகவே தொழுநோயானால் கிரானுலோமாவுக்குள் நரம்பு சிதைந்து, பழுப்புத் துண்டுகளாகக் கிடக்கும். அல்லது அடையாளமே இல்லாமல் அழிந்திருக்கும். காசநோயிலும் சார்க்காய்டோசிஸிலும் நரம்புகள் பெரும்பாலும் சேதமின்றி இருக்கும். கிருமி அகப்படாவிட்டாலும் நரம்பு சாட்சி சொல்லிவிடுகிறது.

“சி.டி.-68” என்ற இன்னொரு குறி, முற்றுகையிட்ட பாதுகாப்புச் செல்களைக் காட்டும். ஆனால் எந்த நோய் என்பதை அது மட்டும் சொல்லாது. எஸ்-100 கூடத் தனியாகத் தீர்ப்புக் கூறாது. உணர்ச்சி சோதனை, கிருமி சோதனை, பயாப்ஸி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார். இந்த வசதி பெரிய ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கும். எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

அஞ்ச வேண்டாம்

தொழுநோய் என்றே தெரிந்தாலும் கலங்க வேண்டியதில்லை. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ, 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். ஆனால் ஏற்கெனவே செத்துப் போன நரம்பை மருந்தால் மீட்க இயலாது. சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்பது இதனால்தான்.

10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-ம் ஆண்டு இறுதியில் எட்டியது. அதனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். சட்டமும் மாறியிருக்கிறது. 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாதபடி 2019-ல் திருத்தம் வந்தது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தடிப்பை மறைத்து வைக்கக் கூடாது. தொட்டால் உணர்ச்சி இல்லாத படை, மரத்துப் போகும் கை கால் இருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சையின் நடுவில் சொந்த ஊருக்கோ, வேறு வேலைக்கோ போக நேர்ந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, சிகிச்சைச் சீட்டையும் பயாப்ஸி அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். போகிற ஊரில் விட்ட இடத்திலிருந்து சிகிச்சையைத் தொடர அவை உதவும்.