‘அங்கிள்’ என்ற சொல்லின் வறுமை

சீனமொழி பேசுவோருக்கான ஆங்கிலப் பாடங்களில் ‘அங்கிள்’ எளிய சொல்லாகவே வருகிறது. தந்தையின் தமையனைப் ‘போபோ’ என்றும், தம்பியை ‘ஷுஷு’ என்றும், தாயின் சகோதரனை ‘ஜியுஜியு’ என்றும் பிரித்தழைப்பவர்களுக்கு அது எளிதல்ல. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும். தொழிற்சாலையில் மதிய இடைவேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் சீனப் பெண்மணி இச்சொல்லைக் கண்டதும், ‘அப்பா வழியா, அம்மா வழியா?’ என்றுதான் கேட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இக்கேள்வி எழுவது அரிது.

அவன், அவள் இரண்டுக்கும் சீனப் பேச்சில் ‘தா’ என்ற ஒரே ஒலிதான். பெண்பாலுக்குத் தனி எழுத்து பரவியதே 1920ஐ ஒட்டி, ஐரோப்பிய மொழிகளின் தாக்கத்தால். ‘ஹீ’, ‘ஷீ’ மாறி விழுவதை அறிவீனமாகக் கொள்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

சிக்கல் முற்றுவது பாராட்டில். யாரும் புகழ்ந்தால் ‘நாலி நாலி’, அதாவது ‘எங்கே, எங்கே’ என்று மறுப்பது அவர்களிடம் பண்பு. இங்கே அது தன்னம்பிக்கைக் குறைவாகக் கணிக்கப்பட்டு, ‘தாங்க் யூ’ மருந்தாகப் புகட்டப்படுகிறது. நானும் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்நாட்டு வழக்கம் என்று. நாகரிகம் என்று சொல்ல வாய் வருவதில்லை. வேலைக்கான நேர்முகத்தில் ‘எங்கே, எங்கே’ என்றால், மேலாளர் அதை அப்படியே நம்பிவிடுவார்.