முதியோர் இல்லமும் முன்விருப்பமும்

மாண்டபின் சொத்து யாருக்கு என்று சொல்வது உயில். உயிரோடிருக்கையில் பேசும் ஆற்றல் போய்விட்டால் எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்னரே சொல்லி வைப்பது முன்விருப்பம். உயிலை நம்மவர் அறிவர். முன்விருப்பத்தைப் பலர் அறியார்.

சுங்கை வே, பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் குடியிருப்பு வீடுகளிலேயே நடைபெறும் முதியோர் இல்லங்கள் உண்டு. இத்தகைய இல்லத்தில் இரவில் மருத்துவர் இரார்; பணியாளர் ஓரிருவரே இருப்பர். முதியவருக்கு மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸை அழைப்பர். மகனுக்குச் செய்தி சொல்வர். மூச்சுக் குழாய் பொருத்தலாமா என்று ஆஸ்பத்திரியில் மகனைக் கேட்பர். தந்தையின் மனத்தை அறியாத மகன் என்ன விடை தருவான்? வேண்டாம் என்றால் ஊர்ப்பழி. வேண்டும் என்றால், தந்தையை வதைக்கிறோமோ என்ற கலக்கம். உண்மையில் அவ்வினாவுக்கு விடை கூற உரியவர் தந்தையே.

மலேசியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆயினும், நோயாளி ஐயத்துக்கிடமின்றி எழுதி வைத்த மறுப்பை மருத்துவர் மதித்தல் வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. சிங்கப்பூர் 1996-இலேயே சட்டம் இயற்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் இவ்வுரிமையை ஏற்றது. அன்று விதித்த மாஜிஸ்திரேட் கையொப்பம் நடைமுறைக்குக் கடினமாயிருந்ததால், 2023-இல் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றே போதும் என்று தளர்த்தியது.

இது கருணைக்கொலை அன்று. வலி தணிக்கும் மருந்தும் பராமரிப்பும் இறுதிவரை தொடரும். எழுதியதை எப்பொழுதும் மாற்றலாம். முதியவர் தெளிவாகப் பேசும்வரை அவர் வாய்ச்சொல்லே தலையாயது.

எழுத வேண்டியவை நான்கு: தமக்காகப் பேசவேண்டியவர் யார், நின்ற இதயத்தை மீண்டும் இயக்குதல், மூச்சுப்பொறி, குழாய்வழி உணவு ஆகியவற்றுள் எவற்றை ஏற்பார், நோய் முற்றினால் ஆஸ்பத்திரியா, இல்லமா, சமயச் சடங்குகள் யாவை. இதன் படிகள் இல்லத்தின் கோப்பிலும், பிள்ளைகளிடமும், மருத்துவரிடமும் இருத்தல் வேண்டும். பெட்டிக்குள் பூட்டிய தாள் நள்ளிரவில் உதவாது. உடல்நிலை மாறுந்தோறும் அதனைத் திருத்த வேண்டும்.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. தோட்டத்தில் வளர்ந்த முதியோர் பலர் தமிழிலேயே மனத்தைத் திறந்து பேச வல்லவர். பணியாளரோ வேற்று மொழியினராய் இருக்கலாம். முன்னாளில் தோட்ட மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர். இன்றும், குடும்பத்தார் உடனிருக்க, முதியவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதிப் படித்துக்காட்டி, மலாயிலும் பெயர்த்து இல்லத்தாரிடம் சேர்ப்பிக்கலாம்.

சாவைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்டால் முதியவர் முகம் சுளிப்பார். “தாத்தா, உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் உங்களுக்கு எது முக்கியம்? யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?” என்று கேட்டால் பேச்சு வரும். கேட்பது நாமாயினும் விடை அவருடையதாகவே இருத்தல் வேண்டும். நம் கருத்தை அவர் வாயில் ஏற்றுதல் ஆகாது.