மல்லிகை இலை மஞ்சளாவது ஏன்?

மல்லிகைச் செடியில் இலை மஞ்சளானவுடன் யூரியா வைப்பது பல விவசாயிகளின் பழக்கம். தழைச்சத்து குறைந்திருந்தால் அது சரி. காரணம் வேறாக இருந்தால் பணம் வீண், செடியும் தேறாது. எனவே உரம் வாங்குமுன், எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்று கவனிக்க வேண்டும்.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. சத்து போதாதபோது செடி முதிர்ந்த இலையிலுள்ள தழைச்சத்தைக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. அதனால் அடி இலை முதலில் வெளிறுகிறது. இதற்குத் தொழு உரமும் யூரியாவும் பலன் தரும்.

நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இரும்புச்சத்து முதிர்ந்த இலையிலிருந்து கொழுந்துக்கு எளிதில் நகராது. முற்றினால் கொழுந்து வெளுத்து ஓரம் கருகும். பூ மகசூலும் குறையும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில்தான் இக்குறை அதிகம். அங்கே மண்ணில் இரும்பு இருந்தாலும் அது கரையாத நிலையில் கிடப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. நீர் தேங்கினால் குறை இன்னும் கூடும்.

இதற்கு அன்னபேதி உப்பு எனப்படும் பெரஸ் சல்பேட்டை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்க வேண்டும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு 50 கிராம் போதும். பூப்பறித்த பிறகு, மாலை வேளையில், இலையின் இருபுறமும் நனையும்படி தெளிக்கவும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். பழுப்பு நிறமாக மாறிய கரைசலால் பயனில்லை. 15 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புதிய தளிர் பச்சையாக வந்தால் குணம் கண்டதாகக் கொள்ளலாம். சுண்ணாம்பு மண்ணில் உப்பை மட்டும் தூரில் இட்டால் அதுவும் கரையாத நிலைக்குப் போய்விடும்.

தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி முழுவதும் மஞ்சளாகி வாடினால் தூரைக் கிளறிப் பார்க்கவும். வெண்ணிறப் பூசண இழைகளும் கடுகு போன்ற மணிகளும் தென்பட்டால் அது வேரழுகல் நோய். இதை எந்த உரமும் தீர்க்காது. பட்டுப்போன செடியை வேரோடு எடுத்து எரித்து, நீர் தேங்காமல் வடிகால் அமைக்க வேண்டும்.

எது என்று தெளிவாகாவிட்டால் மண் பரிசோதனை செய்துகொள்ளவும். அதற்கு ஆகும் செலவு, வீணாகும் ஒரு மூட்டை உரத்தைவிடக் குறைவுதான்.