பம்பு செட்டுக் கருவிகளுக்கு ஏற்ற மைக்ரோகண்ட்ரோலர்

நிலத்தின் ஈரத்தை அறிந்து, கிணற்றுப் பம்பு செட்டைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் கருவிகள் தற்காலத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றுள் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு ஒன்று அமைந்திருக்கும். கணக்கிடும் பகுதி, ஞாபகப் பகுதி, கம்பிகளை இணைக்கும் முனைகள் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். இதில் பல ரகங்கள் உண்டு. வேகம் மிகுந்த ரகமே சிறந்தது என அநேகர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வேலைக்குத் தக்க ரகத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டு ரகங்கள்

2010-ம் வருஷத்தில் வெளிவந்த ஆர்டுவினோ ஊனோ பலகையில் ஏ.டி.மெகா 328பி என்னும் சில்லு உள்ளது. அப்பலகையில் இதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். கட்டளைகளைப் பதிய 32 கிலோபைட் இடமுண்டு. கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வசதி இதற்கில்லை. 2016-ல் வெளிவந்த ஈ.எஸ்.பி.32 என்பது 240 மெகாஹெர்ட்ஸ் வரை வேகமுடையது. வைஃபை, புளூடூத் ஆகிய இரண்டும் அதனுள்ளேயே அமைந்துள்ளன.

மண்ணின் ஈரம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதன்று. மணிக்கொரு முறை அளந்தால் போதுமானது. அவ்வேலையை முதல் ரகமே ஒரு விநாடிக்குள் செய்து முடிக்கும். வைஃபை எட்டும் தூரத்தில் வயல் இருந்து, வீட்டிலிருந்தே செய்தி அறிய வேண்டுமாயின் மட்டும் இரண்டாவது ரகம் பிரயோஜனப்படும்.

மின்சாரச் செலவு

பாட்டரியில் இயங்கும் கருவிக்கு இதுவே முக்கியம். ஈ.எஸ்.பி.32 செய்தி அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். ஆயினும் இரு ரகங்களையும் வேலையற்ற வேளையில் உறங்கச் செய்யலாம். 2,000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரியிலிருந்து இடைவிடாது 50 மில்லி ஆம்பியர் செலவானால், அது 40 மணி நேரமே வரும். உறக்கத்தினால் சராசரிச் செலவு அரை மில்லி ஆம்பியராகக் குறையுமாயின், கணக்குப்படி 4,000 மணி, அதாவது ஐந்து மாதத்துக்கு மேல் வரும். சில்லு உறங்கினாலும் பலகையிலுள்ள விளக்கு முதலிய உறுப்புகள் மின்சாரத்தை உண்ணும். ஆகையால் பலகை முழுவதன் செலவையும் விசாரித்தறிதல் அவசியம்.

எச்சரிக்கை

சில்லின் முனையிலிருந்து சில மில்லி ஆம்பியரே எடுக்கலாம். 5 குதிரைச் சக்தி மூன்று பேஸ் மோட்டாரோ சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். ஆகவே சில்லை ரிலே மூலம் ஸ்டார்ட்டருடன் இணைத்தல் வேண்டும். இவ்விணைப்பைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனே செய்தல் வேண்டும். ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயை ஒருபோதும் நீக்கலாகாது.

கட்டளை நடுவில் நின்றுபோனால் சில்லை மறுபடி துவக்கும் வாட்ச்டாக் என்னும் காவல் ஏற்பாடு இவ்விரு ரகங்களிலும் உண்டு. அது கருவியில் இயக்கப்பட்டுள்ளதா என்றும், மறுபடி துவங்குகையில் பம்பு நின்ற நிலையிலேயே இருக்குமா என்றும் வாங்குமுன் சோதித்தறிக. இல்லையேல் கிணறு வற்றிய பின்னும் பம்பு ஓடிக் கெடும். பழுது பார்க்கும் வரை பயிரும் நீரின்றி வாடும்.