ராத்திரி நிரம்பிய சம்ப் காலையில் குறைகிறதா? குழாயின் வாயைப் பாருங்கள்!

ராத்திரி விளிம்புவரை நிரம்பிய சம்ப், காலையில் நாலு விரல் இறங்கியிருக்கும். மோட்டார் போடவில்லை, பைப்பிலும் ஒழுக்கு இல்லை. ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதி போல வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருக்களில் இப்படி நடந்தால், விரிசல் என்று கொத்தனாரைக் கூப்பிடும் முன் கார்ப்பரேஷன் குழாயின் வாயைப் பாருங்கள். சத்தம் கேட்காமலிருக்க அதைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால், தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிருக்கலாம்.

காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து திருச்சிக்கு வரும் குடிநீர், பெரும்பாலான தெருக்களில் குறிப்பிட்ட நேரம்தான் கிடைக்கிறது. சப்ளை நின்றதும் மெயின் குழாயில் இருக்கும் தண்ணீர் தாழ்வான பக்கம் வடியும். அப்போது உண்டாகும் வெற்றிடம், முழுகிக் கிடக்கும் குழாய் வழியாக சம்ப் தண்ணீரை இழுக்கும். கரப்பான் மிதந்த தண்ணீர், மழைக்கு உள்ளே இறங்கிய தெருத் தண்ணீர் எல்லாமே போகும். அடுத்த சப்ளையில் அது பக்கத்து வீட்டுக் குடத்தில் விழும். யாராவது மெயினிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம்; சாக்கடை ஓரம் விரிசல் விட்ட குழாய்க்குள் கழிவுநீரே புகுந்துவிடும்.

1933-ல் உலகக் கண்காட்சி நடந்த சிகாகோவில், இரண்டு ஹோட்டல்களின் பழைய குழாய்களில் இப்படிக் கழிவுநீர் கலந்து சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். உறையூரிலும் 2025 ஏப்ரலில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததாகப் புகார் எழுந்தது.

தீர்வு, மீட்டரை அடுத்து ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. மேலே இருக்கும் அம்புக்குறி வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். 'ஃபுட் வால்வு ஏற்கெனவே இருக்கே' என்பார் பிளம்பர். அது மோட்டார் பைப்பில் தண்ணீர் இறங்காமல் பிடித்து வைக்க, இது வேறு. உள்ளே இருக்கும் மூடியில் மணல் சிக்கினால் வால்வு முழுசாக மூடாது, அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

செலவே இல்லாத பாதுகாப்பு ஒன்றும் உண்டு. தண்ணீர் நிரம்பும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விட்டுக் குழாயை வெட்டிவிடுங்கள். அரை இஞ்ச் குழாய்க்கு ஒரு இஞ்ச். சத்தம் கேட்கும், கேட்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உங்கள் வால்வு காப்பது பக்கத்து வீட்டை; உங்கள் வீட்டைக் காப்பது அவர்கள் மாட்டும் வால்வு. தெருவில் எல்லோரும் மாட்டும்வரை, சப்ளை வந்ததும் முதல் இரண்டு பக்கெட்டைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் குடத்தை வையுங்கள்.