கைவிடப்படாத மனிதன்



மனிதர் எப்படித் தோன்றினர் என்ற கேள்விக்கு எமது கிராமங்களில் இரண்டு விடைகள் அருகருகே வாழ்கின்றன. கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரு விடை, பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இன்னொரு விடை. "தங்கச்சி, ஆதாம் ஏவாள் எண்டு பைபிள் சொல்லுது. பள்ளிக்கூடத்தில வேற சொல்லிக் குடுக்கினம். எது சரி?" என்று கோப்பாயில் மகளிர் குழுவொன்றில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். சமூகவியல் படித்தவள் என்ற வகையில் நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் மனிதனை இறைவன் மண்ணால் உருவாக்கி உயிர்மூச்சு ஊதினார் என்கிறது விவிலியத்தின் ஆதியாகமம். ஆதம் மண்ணிலிருந்து படைக்கப்பட்டதைத் திருக்குர்ஆனும் சொல்கிறது. உயிர்கள் அநாதியானவை, அவற்றுக்கு இறைவன் உடலைத் தருகிறான் என்பது சைவசித்தாந்தம். மனிதர் யார், எப்படி வாழவேண்டும் என்பதே இந்நூல்களின் அக்கறை. எலும்புகளைத் தோண்டுவோர் தேடுவது வேறு: எப்போது, எங்கே, எவ்வாறு என்பதையே.

1856இல் ஜேர்மனியின் நியண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த தொழிலாளர்களின் கையில் சில பழைய எலும்புகள் அகப்பட்டன. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்து, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன மனித இனம் அது. நியண்டர்தால் மனிதர் என்று பெயரிட்டார்கள். அறிவில்லாத முரடர் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள்.

2010இல் சுவாந்தே பேபோ என்ற அறிஞரின் குழு நியண்டர்தாலரின் எலும்புகளிலிருந்து மரபணுவை வாசித்தது. ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 1 முதல் 2 வீதம் அவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. இப்பணிக்காக 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தீவில் நியண்டர்தால் எலும்பு கிடைத்ததில்லை. புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாகியன்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் எம்மைப் போன்ற மனிதரே. ஆயினும் நியண்டர்தாலரின் ஒரு துளி எமக்குள்ளும் உண்டு. கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுக்கூறு அவர்களிடமிருந்து வந்ததென்றும், தென்னாசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைச் சுமக்கின்றனர் என்றும் 2020இல் கண்டறிந்தார்கள்.

என் மனதை மிகவும் தொட்டது வட ஈராக்கின் சனிதார் குகையில் கிடைத்த ஒருவரின் கதை. றால்ஃப் சொலெக்கி என்ற ஆய்வாளரின் குழு 1957இல் அவரது எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. இளமையில் பட்ட பலத்த அடியால் இடக்கண் பார்வை போயிருக்கவேண்டும். வலக்கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. கால் நொண்டி. காதும் சரியாகக் கேட்டிராது. ஆனால் காயங்கள் ஆறியிருந்தன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து, நாற்பது வயதளவில் இறந்திருக்கிறார். வேட்டையாடிப் பிழைத்த காலத்தில் அவரால் தனியே வாழ்ந்திருக்க முடியாது. கூட்டத்தார் உணவு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இதை வாசித்தபோது நான் வீடுகளில் சந்திக்கும் தாய்மாரை நினைத்தேன். 2009இல் ஷெல்பட்டு முள்ளந்தண்டு பாதித்த மகனை, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். இரவிலும் அப்படித்தான். அவரது காதுபடவே "முற்பிறப்பு வினை" என்கிறார்கள் சிலர். "வீட்டுக்குப் பாரம்" என்கிறார்கள் வேறு சிலர்.

சகோதரிகளே, அந்தக் குகை மனிதரைக் காத்தது ஆணா பெண்ணா என்று எலும்பு சொல்லாது. ஆனால் ஒருவர் மட்டும் காத்திருக்க முடியாது என்பது தெளிவு. ஒருவர் வேட்டைக்குப் போக, இன்னொருவர் நெருப்பைப் பார்க்க, மற்றவர் உணவைப் பங்கிட்டிருப்பார். எங்கள் ஊரிலோ அந்தப் பொறுப்பு முழுவதும் ஒரு தாயின், ஒரு மனைவியின் தோளில் விழுந்திருக்கிறது. ஆதியாகமத்தில் தம்பியைக் கொன்ற காயீனும் தம்பியைக் காப்பது தன் கடமையா என்றே கடவுளிடம் கேட்கிறான். வேதமும் எலும்பும் எனக்கு ஒன்றாகத் தெரிவது இந்த இடத்தில்தான். காப்பது எல்லோருடைய கடமை.

உங்கள் ஒழுங்கையில் இப்படியொரு வீடு இருந்தால், கிழமையில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் போய் இருங்கள். அந்தத் தாய் நித்திரை கொள்ளட்டும். அண்ணன் தம்பிமாரையும் முறை வைத்து வரச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் அந்தக் குடும்பத்தின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அவரோடு கூடப்போய்ப் பதியுங்கள்.