பாரம் குறைந்தால் பயணம் இனிக்கும்

"மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது" என்பார்கள் நம் பெரியோர். பயணத்திற்கேற்ற புகைப்படக் கருவிக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும்.

1858ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று பழக்கத்தில் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய நெகடிவ் வேண்டும். அதற்கேற்ற பெரிய பெட்டியும் வேண்டும். ஆகவே அவருடைய சாமான்கள் மாட்டு வண்டிகளில் சென்றன.

இப்பாரத்தைக் குறைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கார் பார்னாக். ஆஸ்துமா நோயால் வருந்திய அவரால் கனத்த கருவிகளைத் தூக்கி நடக்க இயலவில்லை. சினிமா பிலிமில் சிறிய படம் எடுத்து, பின்னர் அதைப் பெரிதாக்கலாம் என்று அவர் சிந்தித்தார். அதன் பயனாக 1925இல் 'லைக்கா' காமிரா வெளிவந்தது. ஒருவருடைய உடல் நலிவு உலகத்துக்கே நன்மையாக முடிந்தது!

நம் திருச்சுழிக்கும் அந்தக் காமிராவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 1950 ஏப்ரல் 14 அன்று திருவண்ணாமலையில் மறைந்தார். அந்த இறுதி நாட்களைப் படமெடுத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரசோன். கையடக்கமான லைக்காவும், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுமே அவருடைய கருவிகள். ஃபிளாஷ் வெளிச்சத்தை அவர் விரும்பியதில்லை. அமைதி நிலவும் இடத்தில் பிறருக்கு இடையூறு செய்யாமல் படமெடுக்கச் சிறிய கருவியே ஏற்றது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, சென்சாரின் அளவு. பழைய பிலிமின் வேலையை இன்று செய்வது இதுவே. முழு அளவுச் சென்சார் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உள்ளது. அதன் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உள்ள சென்சார்களும் உண்டு. சென்சார் சிறிதானால் லென்ஸும் சிறிதாகும். ஆனால் மங்கிய ஒளியில் படத்தின் தெளிவு சற்றுக் குறையும்.

இரண்டாவது, உள்ளமைப்பு. பழைய ரகக் காமிராவினுள் ஒரு கண்ணாடியும் பட்டகமும் இருக்கும். 2008 முதல் அவை இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய 'மிரர்லெஸ்' காமிராக்கள் வந்துள்ளன. அதனால் எடை குறைந்தது.

மூன்றாவது, லென்ஸ். அதிக ஒளியை வாங்கும் 70-200 மி.மீ. லென்ஸ் ஒன்றின் எடை மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதாவது ஒன்றரை லிட்டர் தண்ணீரின் எடை! எங்கள் கரிசல் காட்டு வெயிலில் இவற்றில் எது அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும் இங்கே ஒளிக்குப் பஞ்சமே கிடையாது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலே படம் பதிந்துவிடும். ஆகவே விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் காற்றோடு புழுதியும் வரும். வெட்ட வெளியில் லென்ஸை மாற்றினால் தூசி உள்ளே புகும். ஒரே லென்ஸுடன் செல்வதே உத்தமம். கருவியைத் துணியில் சுற்றி, வெயில் படாமல் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் முகத்தில் கரிய நிழல் விழும். காலையும் மாலையுமே நல்ல வேளை. இருண்ட மண்டபங்களில், அனுமதி பெற்ற பின், தூணின் அடியில் கருவியை வைத்து டைமரால் எடுத்தால் முக்காலியைச் சுமக்க வேண்டாம்.

வீட்டில் காமிரா இல்லையே என்று தோழியர் வருந்த வேண்டாம். பெற்றோரின் கைபேசியிலேயே பழகலாம். தறியில் அமர்ந்திருப்பவரையும் ஆடு மேய்க்கும் பாட்டியையும் படமெடுக்கும் முன், "எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது நம் கடமை. பெரிய கருவியைக் கண்டால் கூச்சப்படுபவர்கள்கூடச் சிறிய கருவியின் முன் இயல்பாகச் சிரிப்பார்கள்.

தோளில் பாரம் குறையட்டும். கண்ணில் கவனம் கூடட்டும். வறண்ட பூமி என்று பலரும் கடந்து செல்லும் எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் அழகை, இங்கேயே நடந்து திரியும் நாங்கள் படமெடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?